இரணைமடுச் செம்மண்ணைப் படம் பிடிக்கப் போனோம்

ஸவூதியில் தொழில் பார்க்கும் என் தம்பி இம்முறை விடுமுறையில் வந்தபோது பேரீச்சம்பழத்தோடும் அத்தரோடும் ஒரு கமராவையும் கொண்டு வந்திருந்தான். இஷா தொழுகைக்குப் பின் வீட்டார் அனைவரும் சூழ்ந்திருக்க, அல் உலா என்னும் பாலைவன ஊரில் தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒரு பெரும் யானை தும்பிக்கையை மணலில் ஊன்றி நிற்பது போல ஒரு பாறை. உயரம் 52 மீற்றராம். மாலை வெயிலில் அது செங்கல் சூளையைப் போலச் சிவந்திருந்தது. பக்கத்திலேயே மதாயின் ஸாலிஹ் இருந்தும் அங்கே அவன் படம் எடுக்கவில்லை. தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் தலை கவிழ்ந்து விரைந்து கடந்த இடத்தில் நின்று போட்டோ பிடிக்க மனம் வரவில்லை என்றான். உம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று.

படங்களை உற்றுப் பார்த்துக் கொண்டிருந்த உம்மா திடீரென்று சொன்னார். "இந்தச் சிவப்பு எங்கட இரணைமடுப் பக்கமும் இருக்குது மகன். சின்ன வயசில வாப்பாவோட நெல்லு லொறியில போகேக்க பாத்திருக்கிறன். மதில் மாதிரி நிக்கும்."

"மெய்யாவா உம்மா?"

"நான் ஏன் பொய் சொல்லப் போறன்?"

அவ்வளவுதான். சுபஹ் தொழுதவுடன் புறப்படுவது என்று முடிவாகிவிட்டது. திட்டமிட்டுப் போகும் பயணங்களுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இடியப்பத் தட்டும் பாயும் தேடும் குடும்பம் எங்களுடையது. அன்றோ நாலு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, பிளாஸ்கில் தேநீர் ஊற்றினேன். என் கணவர் வானை எடுத்தார். உம்மா முன்னிருக்கையில் தஸ்பீஹோடு அமர்ந்து கொண்டார்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் 75 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்கள் வேகமாகப் பின்னே ஓடின. போர்க் காலத்தில் நெடுங்காலம் மூடிக் கிடந்த வீதி இது. 2002ஆம் ஆண்டு சமாதான காலத்தில் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. இன்று வழவழவென்று கிடக்கிறது. முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பது வழக்கம். பிள்ளையார் கோயிலுக்காக நிற்பவர்கள் ஒரு பக்கம், கச்சான் வாங்க நிற்பவர்கள் மறுபக்கம். நாங்கள் கச்சான் கட்சி. சூடான மணலில் வறுத்த கச்சான் சுருளை உம்மாவின் மடியில் போட்டுக் கொண்டு மேலே சென்றோம்.

இரணைமடுக் குளத்தைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய குளம். கிளிநொச்சியின் நெல் வயல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. அணைக்கட்டில் நின்று நாலு படம் எடுத்தான் தம்பி. குளம் அழகுதான். ஆனால் நாங்கள் வந்தது தண்ணீருக்காக அல்லவே.

பக்கத்துக் கிளை வீதியொன்றில் ஒரு வீட்டு வாசலில் நின்ற அக்காவிடம் விசாரித்தோம். உம்மா வானுக்குள் இருந்தபடியே, "பிள்ளை, மதில் மாதிரிச் சிவப்பு மண் நிக்கிற இடம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்த அக்கா சிரித்து, "மதிலோ? கிரவல் கிடங்கைச் சொல்றியள் போல. அதைத்தானே டிப்பர்காரர் அள்ளி முடிக்கினம்" என்று வழி காட்டினார். கூடவே, "போர்ட் இல்லாத இடமெண்டாலும் ஆக்கள் நடந்த தடத்தை விட்டு இறங்காதேங்கோ" என்றும் சொன்னார். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளை வன்னியில் பார்க்காதவர் யார்?

கிடங்கின் விளிம்பில் நின்றபோது தம்பி வாயடைத்துப் போனான். இரு ஆள் உயரத்துக்கு மேல், மிளகாய்த் தூளைக் கொட்டிக் குவித்தது போல மணல் சுவர். அதில் அடுக்கு இல்லை, வரி இல்லை; மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. அதற்குக் கீழே கூழாங்கற்களும் துருப்பிடித்த இரும்பு உருண்டைகள் போன்ற கற்களும் கலந்த கிரவல் படை. அதற்கும் கீழே, வெளிறிய களிமண்ணாக உக்கிப்போன பழம்பாறை. மழை நீர் சுவரை அரித்து நெடும் பள்ளங்கள் போட்டிருந்தது. சில இடங்களில் ஒரு சின்னக் கல் தலையில் குடை பிடித்தாற்போல இருக்க, அதன் அடியிலிருந்த மண் மட்டும் கரையாமல் தூணாக நின்றது. அல் உலாவின் பாறைகள் சாண் அளவில்! தம்பி வயிறு மண்ணில் பட நடைதடத்திலேயே படுத்து, கமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்தான். படத்தில் பார்த்தால் அரபு நாட்டு மலைத்தொடர் என்றுதான் சொல்வீர்கள். உடுப்பைத் துவைத்தது நான்.

வீடு வந்த பின் இந்த மண்ணைப் பற்றித் தேடிப் படித்தேன். வாசக சகோதரிகளுக்கும் அது பயன்படும்.

வன்னியின் அடிப்பாறை மிகப் பழையது. இலங்கைத் தீவின் அடித்தளத்தைப் புவியியல் அறிஞர்கள் பிரித்தபோது ஒரு பெரும் பகுதிக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கெட்டிப் பாறையின் மேல்தான் கிரவலும், அதன் மேல் செம்மணலும் படிந்திருக்கின்றன. இந்தப் படிவுகளை 1919இல் வேலண்ட் என்ற ஆங்கிலேயர் எழுத்தில் பதிந்தார். பின்னர் தொல்லியல் அறிஞர் சிரான் தெரணியகல இவற்றை விரிவாக ஆராய்ந்தார். வடமேற்கு, வடக்கு, தென்கிழக்கு ஆகிய உலர்ந்த கரையோரங்களில் ஆங்காங்கே கிடக்கும் இந்தச் செம்மண், கிரவல் படிவுகள் அனைத்துக்கும் உலக நூல்களில் வழங்கும் பெயர் 'இரணைமடு உருவாக்கம்'. கிரவல் கிடங்கு என்று நாம் கடந்து போகும் ஓர் ஊரின் பெயர் அத்தனை தூரம் போயிருக்கிறது!

மேலே உள்ள செம்மணல் ஒரு காலத்தில் காற்று வாரி வந்து குவித்த மணற்குன்று. மணியின் உள்ளே வெறும் வெண்கல்தான். மேலே இரும்புத் துரு மெல்லிய தோலாகப் படிந்ததால் சிவப்பு. உலகம் குளிர்ந்திருந்த பனியூழிக் காலத்தில் கடல் நீர் பெருமளவு பனிக்கட்டியாகிவிட, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது. அது தரையாகவே கிடந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் 'தேரி' என்று சொல்லும் செம்மணற் காடும் நம் செம்மண்ணும் ஒரே சாயல். அந்தத் தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பற்றி 1956இல் சொய்னரும் ஆல்சினும் எழுதினார்கள். நம் பக்கக் கிரவலிலும் ஆதி மனிதரின் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. தெற்கே புந்தலையில் இதே வகைக் கிரவல் 1,25,000 ஆண்டுவரை பழைமையானதாக இருக்கலாம் என்று தெரணியகல கணித்தார்.

மணலின் வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்பது இன்னும் வியப்பு. வெயிலில் கிடக்கும்வரை மணல்மணிக்குக் கணக்கு இல்லை. அது புதைந்து இருட்டுக்குள் போனதும், சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் மெல்லிய கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கிறது. ஆய்வுகூடத்தில் அந்த மணியைச் சூடாக்கினால், சேர்த்ததை ஒளியாக விட்டுவிடும். அந்த ஒளியை அளந்து, இந்த மணி கடைசியாகச் சூரியனைக் கண்டது எப்போது என்று சொல்லிவிடுகிறார்கள். இலங்கைச் செம்மணற் குன்றுகளில் இந்த முறையைச் செய்து பார்த்து, இந்திய அறிஞர் சிங்வியும் தெரணியகலவும் இன்னொருவரும் 1986இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. மண் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அள்ளிக் கொட்டிவிட்டால் மணி மீண்டும் வெயிலைக் கண்டுவிடும், கணக்கு அழிந்துவிடும். கிரவலுக்குள் கிடக்கும் கருவியும் அப்படித்தான். எந்தப் படையில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் கல்.

நாங்கள் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் மூன்று டிப்பர்கள் நிறைந்து போயின. கிரவல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வழவழப்பான வீதி என்று மேலே மெச்சினேனே, அதற்கு அடியில் கிரவல்தானே இருக்கிறது? போரில் வீடிழந்த பெண்ணுக்கு அத்திவாரம் நிரப்ப மண் வேண்டும். ஆனாலும் ஒரே ஒரு சுவரையாவது, வேலியடைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்க்க விட்டு வைக்கலாம். செலவு ஒரு முள்வேலிதான். கிடங்கு ஆழமாகத் தோண்டப்பட்டால் மழைத் தண்ணீரை உறிஞ்சிக் கிணறுகளுக்குக் கொடுக்கும் மணலும் போய்விடும். குடம் தூக்குவது யார் என்று சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உம்மா வானை விட்டு இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களால் நெரித்துப் பார்த்தார். "இதோட புற்றுமண்ணையும் குழைச்சுத்தான் உம்மும்மா அடுப்புப் போடுவா. வெடிக்காது" என்றார். தம்பி ஒரு கல்லை எடுத்துப் பையில் போடப் போனான், நான் தடுத்தேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. பழம்பொருளை அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போனோம். மிதிவெடி அகற்றும் பணியில் வடக்கில் ஏராளமான பெண்கள் வேலை செய்வதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஹேலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில், போரில் கணவரை இழந்தவர்கள் பலர். வெயிலில் முகக் கவசத்தோடு முழந்தாளிட்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டிப் பார்க்கும் வேலை. டிப்பர் நிமிடத்தில் அள்ளும் அளவு மண்ணைப் பார்க்க அவர்களுக்கு எத்தனை நாளாகுமோ. வட்டுவாகல் பாலத்தில் வான் மெதுவாகச் சென்றது. 2009 மே மாதத்தில் பல்லாயிரம் பேர் கையில் எதுவுமில்லாமல் கடந்து வந்த இடம். நந்திக்கடல் வெயிலில் பளபளத்தது. நல்ல வெளிச்சம். தம்பி கமராவைப் பைக்குள் வைத்துவிட்டான்.

ளுஹர் தொழுகைக்குத் தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் எங்கள் வீட்டார் எட்டுப் பேர். அப்போது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். திரும்பி வந்தபோது வளவு காடாகிக் கிடந்தது. அன்று ஒரு குடும்பத்துக்கு இருந்த காணி, இன்று நாலு குடும்பத்துக்குக் கேட்க வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் நாங்கள் வவுனியாவில் வாடகைக்கு இருக்கிறோம். பெரிய நானா மட்டும் இங்கே. முன்பொரு முறை ஓர் அலுவலகத்தில், "90க்கு முன் இங்க இருந்ததுக்கு அத்தாட்சி என்ன?" என்று உம்மாவிடம் கேட்டார்கள். உறுதியைப் பெட்டியோடு விட்டுவிட்டு ஓடியவர் எதைக் காட்டுவார்? கடைசியில் நானாவின் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ் கைகொடுத்தது.

சாப்பாட்டின்போது மணலின் வயதைச் சொல்லும் முறை பற்றி நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். நானா கையைக் கழுவியபடி, "அந்த ஆக்களை ஒருக்கா நம்மட வளவுக்கும் கூட்டி வாங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தோம், உம்மா சிரிக்கவில்லை. எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார்.

பழைய கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டுக்கல்லில் அவர் வாப்பா சுரண்டி வைத்த ஆண்டு, பாசியை உரைத்தால் தெரியும்: 1958. தம்பியைக் கூப்பிட்டு, "இதையும் எடு. கிட்டப் போய் எடு, எழுத்துத் தெரியோணும்" என்றார். வெயில் தலைக்கு மேல் இருந்ததால் எழுத்து எடுபடவில்லை. அஸர் வரை காத்திருந்து, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தான்.

ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வந்து ஏ9இல் ஏறும்போது இருட்டிவிட்டது. அந்தப் பாதையில் மாலைக்குப் பின் யானை நடமாட்டம் உண்டு. போகிறவர்கள் பகலோடு திரும்புவது நல்லது. செம்மண்ணைப் படம் பிடிக்க விரும்பினால் காலை எட்டு மணிக்கு முன்போ, அஸருக்குப் பின்போ போங்கள். உச்சி வெயிலில் சிவப்பு வெளிறிவிடும். எடுத்த படங்களில் 30 வரை தேறின. தம்பி அவற்றை இரண்டு பிரதி போட்டான். ஒன்றை வழி காட்டிய அந்த அக்காவுக்கு அனுப்பினோம். கிணற்றுப் படத்தை உம்மா உறையிலிட்டு, நானாவின் சான்றிதழ் இருக்கும் பைலுக்குள் வைத்திருக்கிறார்.