பெயர்ந்து வந்த வீடுகள்

பழைய கிராம வீடுகளைத் திறந்தவெளியில் எழுப்பிக் காக்கும் காட்சிச்சாலைகள் உலகில் பல. ஸ்வீடனில் ஸ்கான்சன் 1891-இல் திறக்கப்பெற்றது. உக்ரேனில் கீவ் நகருக்கருகே பிரோகிவ் உள்ளது. நமக்கு எட்டும் தொலைவில் இருப்பது முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா.

ஏர்பேட்டிலிருந்து ரேணிகுண்டா வழியாகச் சென்னை சேர்ந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸேறிக் குடும்பத்துடன் சென்றோம். 1996 டிசம்பரில் திறக்கப்பெற்ற இவ்விடத்தின் கட்டட அமைப்பில் லாரி பேக்கரின் கைவண்ணம் உண்டு. தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய நான்கு நாட்டு வீடுகளும் இங்குள்ளன. பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு எனப் பிரித்துக் கொணர்ந்து, மீண்டும் பூட்டியிருக்கின்றனர்.

செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தையும், நெசவாளர், குயவர் இல்லங்களையும் கண்டு மகிழ்ந்தோம். ஆந்திரக் கடற்கரையின் வட்ட வடிவ மண்வீட்டைக் கண்டதும் நம் பிள்ளைகள், “இது நம்ம ஊர் வீடு!” என்று துள்ளினர். அக்கிரகாரத் திண்ணையிலோ, “இந்த அருகு நீளமாயிருக்கிறதே!” என்றனர். திண்ணைக்குத் தெலுங்கில் அருகு என்று பெயர். அவர்களுக்குத் தமிழ்ச்சொல் தெரியவில்லை. திண்ணை, நிலைப்படி, தாழ்வாரம், முற்றம் என ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்தோம்.

இடம் பெயர்ந்தாலும் வீடு வீடாகவே நிற்கிறது. ஆயினும் அங்கே அந்தியில் அடுப்புப் புகைவதில்லை. வீட்டில் வழங்காத சொல்லும் அவ்வாறே காட்சிப்பொருளாகிவிடும். தெலுங்கு நாட்டில் வாழும் நம் அன்பர்கள் பிள்ளைகளுடன் ஒருமுறை சென்று வருக. செவ்வாய்க்கிழமை விடுமுறை.