கங்கையில் ஒரு பழந்துணிக் கடை

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் தீவுகளில் ஒன்று சால்ட் ஸ்பிரிங். மக்கள்தொகை சுமார் 11,000. அதன் முக்கிய ஊருக்குப் பெயர் கேஞ்சஸ், நம் கங்கையேதான். அந்த ஊரில் தன்னார்வலர்கள் நடத்தும் த்ரிஃப்ட் ஷாப் ஒன்று இருக்கிறது. ஊரார் கொண்டுவந்து போடும் பழைய துணி, பாத்திரம், புத்தகம் எல்லாம் அங்கே விலைக்கு வரும். கிடைக்கும் பணம் உள்ளூர் மருத்துவமனைக்குப் போகிறது. மருத்துவமனையின் பெயர் லேடி மிண்டோ. பள்ளிக்கூடத்தில் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த இடத்தில் காது நிமிரத்தான் செய்யும்.

எனக்கு நிமிர்த்தியது ஒரு தோசைக்கல். அந்தப் பக்கம் குடியேறிவிட்ட சித்தி, ஒரு மருத்துவமனைக் கடையில் வாங்கிய வார்ப்பிரும்பு வாணலியில் தோசை வார்த்து வீடியோ காலில் காட்டினார். "ஏண்டி, கண்டவங்க வீட்டுக் கல்லையா வாங்கிட்டு வந்தே?" என்றார் அம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போற காசு, அக்கா. அதுல என்ன?" என்றார் சித்தி. அம்மா அதற்குமேல் பேசவில்லை. அடுத்தவர் வீட்டுப் பழசு என்றால் முகம் சுளிப்பவர் 'ஆஸ்பத்திரி' என்றதும் அடங்கிப்போனது எப்படி? அந்த ஒரு சொல் பழசின் இழிவைத் துடைக்கும் என்று முதலில் கண்டுபிடித்தவர் யார்? விசாரித்துக்கொண்டே போனதில் வழி கேஞ்சஸுக்கு வந்து சேர்ந்தது.

ஊர்ப்பெயர் ஆற்றிலிருந்து நேராக வந்ததில்லை. நடுவில் ஒரு கப்பல் இருக்கிறது. எச்.எம்.எஸ். கேஞ்சஸ், 84 பீரங்கிகள் கொண்ட பாய்மரப் போர்க்கப்பல். பம்பாய் கப்பல்துறையில் தேக்கு மரத்தால் கட்டி 1821-ல் கடலில் இறக்கினார்கள். 1857 முதல் 1860 வரை பிரிட்டனின் பசிபிக் கடற்படைக்கு அதுவே தலைமைக் கப்பல்; அதில் இருந்தவர் அட்மிரல் ராபர்ட் பெயின்ஸ். 1859-ல் பக்கத்து சான் வான் தீவில் அமெரிக்கர் ஒருவர் தன் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் புகுந்த பன்றியைச் சுட்டுவிட்டார். பன்றி பிரிட்டிஷாரின் ஹட்சன் பே கம்பெனியுடையது. பேச்சு முற்றி இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே வந்து நின்றன. தீவில் படையை இறக்கச் சொன்ன பிரிட்டிஷ் கவர்னரிடம், ஒரு பன்றிக்காக இரண்டு பெரிய தேசங்களைப் போரில் இழுத்துவிட முடியாது என்று மறுத்தவர் இந்த பெயின்ஸ். சால்ட் ஸ்பிரிங்கின் துறைமுகத்துக்கு அவர் கப்பலின் பெயர் நிலைத்தது.

மிண்டோ வந்த வழி வேறு. மேரி கேரலைன் என்பது அம்மையாரின் பெயர். கணவர் நான்காம் மிண்டோ பிரபு 1898 முதல் 1904 வரை கனடாவின் கவர்னர் ஜெனரல். மறு ஆண்டே இந்தியாவுக்கு வைஸ்ராய். ஒட்டாவாவில் இருந்துவிட்டுக் கல்கத்தாவுக்கு மாற்றலாவது அந்தக் காலத்து மேல்மட்ட உத்தியோக வழக்கம். டஃபரினும் லான்ஸ்டவுனும் அப்படித்தான் வந்தார்கள். மதராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டன் மட்டும் இங்கிருந்து கனடா போய், மறுபடி வைஸ்ராயாக இங்கே திரும்பினார். கணவன்மார் ஆட்சி செய்தார்கள். மனைவிமார் நிதி திரட்டினார்கள். டஃபரின் சீமாட்டி 1885-ல் இந்தியப் பெண்களின் மருத்துவத்துக்காக ஒரு நிதியம் தொடங்கியது பலருக்கும் தெரிந்திருக்கும்.

கனடாவில் மிண்டோ சீமாட்டி எடுத்துக்கொண்டது சிறு ஊர்களின் பிரச்சினையை. விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி அங்கே 'விக்டோரியன் ஆர்டர் ஆஃப் நர்சஸ்' என்ற செவிலியர் அமைப்பு பிறந்திருந்தது. அதன் வழியாக, ரயில்பாதை போடுவோரும் சுரங்கத் தொழிலாளரும் புதிதாகக் குடியேறிய விவசாயிகளும் இருந்த இடங்களில் சின்னஞ்சிறு மருத்துவமனைகள் கட்ட அவர் பணம் திரட்டினார். ஒன்டாரியோவின் காக்ரேன், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆஷ்கிராஃப்ட் என்று வரைபடத்தில் தேடிப் பிடிக்கவேண்டிய ஊர்களிலெல்லாம் லேடி மிண்டோ மருத்துவமனைகள் வந்தன. சால்ட் ஸ்பிரிங்கில் வந்தது 1914-ல். அவர் கனடாவை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது.

இந்தியாவில் அவர் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். 1906-ல் இங்கே 'லேடி மிண்டோ இந்திய நர்சிங் சங்கம்' தொடங்கினார். நிதிக்காக 1907-ல் கல்கத்தா மைதானத்தில் 'மிண்டோ ஃபேட்' என்று பெரிய விழாவே நடந்தது. அந்த நர்சுகள் யாரைக் கவனித்தார்கள்? ஊர் ஊராக இருந்த ஐரோப்பியர்களை. பெயரில்தான் இந்தியா; நோயாளிப் படுக்கையில் இல்லை. அங்கே குடியானவனுக்கு ஆஸ்பத்திரி, இங்கே துரைகளுக்கு நர்சு. ஒரே அம்மையார்தான்.

கனடாவில் அவர் திரட்டிய நிதி ஒரு கட்டடம் எழும்ப உதவும். பிறகு விளக்குக்கு எண்ணெயும் நர்சுக்குச் சம்பளமும் யார் தருவது? செவிலியர் அமைப்பு 1924-க்குள் தன்னிடமிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை ஊர்க்காரர்களிடமே ஒப்படைத்துவிட்டு வீடுதேடிப் போகும் நர்சிங்குக்குத் திரும்பிவிட்டது. அப்போது அரசு காப்பீடு கிடையாது. நோயாளி கட்டும் கட்டணம், கொஞ்சம் மானியம், மீதிக்குத் தருமம் என்பதுதான் சிறு மருத்துவமனைகளின் கணக்கு.

அந்த மீதியைச் சுமந்தவர்கள் 'ஆக்ஸிலரி' என்ற துணைக்குழுப் பெண்கள். கேஞ்சஸில் மருத்துவமனை திறந்த 1914-ல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பெண்களுக்கு ஓட்டு கிடையாது, கிடைத்தது 1917-ல். மருத்துவமனை நிர்வாகக் குழு என்றால் பெரும்பாலும் ஆண்கள். நடத்தும் பணத்தில் கணிசமானது பெண்கள் கொண்டுவருவது. படுக்கை விரிப்பு தைத்தார்கள், கட்டுத்துணி மடித்தார்கள், ஜாம் காய்ச்சி விற்றார்கள். 'பவுண்ட் நாள்' என்று ஒன்று பல நாடுகளில் இருந்தது: ஆளுக்கு ஒரு பவுண்டு சர்க்கரையோ தேயிலையோ மாவோ மருத்துவமனைச் சமையலறைக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வீட்டில் சம்பளமில்லாமல் பார்த்த அதே வேலைகளை ஊருக்காகப் பார்த்தார்கள். அதன் கடைசிக் கிளைதான் வீட்டில் மிஞ்சிய துணியை விற்பது.

அதற்குமுன் பழந்துணிக்குப் பெயர் கெட்டுக் கிடந்தது. அம்மை, பேன், வறுமை என்ற பயமெல்லாம் அதன்மேல் ஒட்டியிருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் அந்த வியாபாரம் பெரும்பாலும் யூதர் கையில் இருந்ததால் இன வெறுப்பும் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் பழைய பட்டுப்புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்க வருபவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதைப் போலத்தான் அங்கும்.

அந்த இழிவைத் துடைக்கத் தொடங்கியது மதம். 1890-ல் இரட்சணிய சேனையின் வில்லியம் பூத், லண்டன் வீடுகளில் கழித்துப்போடும் பொருள்களை வண்டி வைத்துத் திரட்டி, வேலையற்றவர்களைக்கொண்டு பிரித்துச் சரிசெய்ய ஒரு திட்டம் எழுதினார். (நாகர்கோவிலில் கேதரின் பூத் மருத்துவமனை என்று இருக்கிறதே, அது இவர் மனைவியின் பெயரில்.) 1902-ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் வசதியுள்ளவர் வீடுகளில் பழந்துணி வாங்கிவந்தார். அவற்றை இலவசமாகக் கொடுத்திருப்பார் என்றுதான் முதலில் தோன்றும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஏழைகளுக்கே கூலி கொடுத்துத் தைக்கவும் செருப்புச் செப்பனிடவும் வைத்து, குறைந்த விலைக்கு விற்றார். அதுதான் பிறகு குட்வில் ஆனது. காசு கொடுத்து வாங்குபவர் கையேந்துவதில்லை என்பது அவர் கணக்கு. பழந்துணிக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வாங்குபவர் ஏழையாகவே இருந்தார். சீமாட்டியும் உள்ளே நுழைந்து பழைய தொப்பியைப் புரட்டிப் பார்க்கவேண்டுமானால் வேறு காரணம் வேண்டும். அது மெல்பர்னில் கிடைத்தது. 1925-ல் நாடக அதிபர் ஜார்ஜ் டாலிஸின் மனைவி மில்லி டாலிஸ், ஃபிட்ஸ்ராயில் சும்மா கிடந்த 'சைக்ளோரமா' என்ற வட்டக் கட்டடத்தில் ஓர் 'ஆப்பர்ச்சூனிட்டி ஷாப்' திறந்தார். பணம் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைக்கு. ஆஸ்திரேலியாவில் இன்றும் இத்தகைய கடைகளுக்கு 'ஆப் ஷாப்' என்றுதான் பெயர். வாங்குபவர் தருமம் பெறுபவராக இருந்தது போய், தருமம் செய்பவரானார். பேரம் பேசும் ஆசையும் புண்ணியமும் ஒரே பையில். ஆக்ஸ்ஃபாம் 1940-களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் நிரந்தரக் கடை போட்டபோது இந்த வித்தை நன்றாகப் பழகிவிட்டிருந்தது. சித்தி ஒரே வரியில் அம்மாவை அடக்கியதும் இதை வைத்துத்தான்.

சால்ட் ஸ்பிரிங்கில் பழம்பொருள் கைமாறிய இன்னொரு கதையும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் சரியாக இருக்காது. 1942-ல் அந்தத் தீவில் இருந்த ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்கள், கடற்கரைப் பகுதி முழுவதிலும் இருந்தவர்களைப் போலவே, வீட்டைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். பொருள்களைப் பாதுகாப்பதாகத்தான் அரசு எடுத்துக்கொண்டது. 1943 ஜனவரியில், உரியவர் சம்மதம் இல்லாமலே விற்கலாம் என்று உத்தரவு வந்தது. தையல் மெஷின், படகு, நிலம் எல்லாம் ஏலத்துக்கும் விற்பனைக்கும் போயின.

மருத்துவமனைக் கதைக்குத் திரும்புவோம். 1949-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசு மருத்துவமனைக் காப்பீடு வந்தது. அதன்பின் துணைக்குழுக்களுக்கு வேலை இருக்காது என்றுதானே நினைப்போம்? வேலை மாறியது, அவ்வளவுதான். அன்றாடச் செலவை அரசு ஏற்றதும் இவர்கள் கருவிகளுக்குப் போனார்கள்: சரிந்து நிமிரும் கட்டில், நோயாளியைத் தூக்கும் லிஃப்ட், மானிட்டர். மாகாணத்தில் பெரிய மூலதனச் செலவுகளில் வழக்கமாக 60 சதவீதம் மாகாண அரசு, 40 சதவீதம் வட்டார மருத்துவமனை மாவட்டத்தின் சொத்துவரி. அந்தச் செலவுப் பட்டியலில் இடம்பிடிக்காதவை பழைய சட்டைக்குக் காத்திருக்கின்றன. வளமான ஒரு நாட்டில் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான். அதே சமயம், அரசே முழுதும் கொடுத்துவிட்டால் இந்தக் கடைகள் மூடிவிடும் என்றும் தோன்றவில்லை. ஓய்வுபெற்றவர்கள் வாரம் ஒருமுறை வந்து நின்று பேசிக்கொண்டே வேலை பார்க்கும் இடமும் அதுதானே.

அந்த வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. கடையின் பின்கட்டில் நடக்கும். மூட்டை பிரிந்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்கிறது. ஈரவாடை அடித்தால் அந்தப் பை முழுவதும் தள்ளுபடி. பிறகு அக்குள், காலர், ஜிப். சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்ப்பது கட்டாயம். கைக்குட்டையும் வரும், மோதிரமும் வரும். பனியன் ரகங்களின் கழுத்துப் பட்டையில் 'மேட் இன் இந்தியா' என்றிருந்தால் திருப்பூராகவே இருக்க வாய்ப்பு அதிகம். விலைச்சீட்டு வாரத்துக்கு ஒரு நிறம். பல கடைகளில் பழைய நிறம் பாதி விலைக்கு இறங்கும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் வைத்து, குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் வாக்கரைக் கனடா 2004-ல் தடை செய்துவிட்டது. பழசைக்கூட விற்கக் கூடாது. பக்கம் இறங்கும் தொட்டில் கட்டிலுக்கு 2016-ல் தடை. யாராவது பிரியமாகப் பத்திரப்படுத்திக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வாங்கி உடைத்துப் போடவேண்டியது தன்னார்வலர் பொறுப்பு.

விற்காதது எங்கே போகிறது? இங்கேதான் தேடல் எதிர்பாராத பக்கம் திரும்பியது. வட அமெரிக்கக் கடைகள் கழித்த துணி பேல் பேலாக மொத்த வியாபாரிக்குப் போகும். டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் அதை ரகம் பிரிக்கும் தொழில் பெருகியிருக்கிறது. நடத்துபவர்களில் பலர் தெற்காசியக் குடும்பத்தினர். நல்லது ஆப்பிரிக்காவுக்கு. கிழிந்த கம்பளி ரகங்களில் ஒரு பகுதி ஹரியானாவின் பானிபட்டுக்கு வரும். அணியும் துணியாக உள்ளே வந்து சந்தையைக் கெடுக்கக் கூடாது என்பதால் வெட்டிக் கிழித்துக் கந்தலாக்கித்தான் அதை இந்தியாவுக்குள் விடுவார்கள். பானிபட்டில் நிறவாரியாகப் பிரித்து, நார் நாராக்கி, மறுபடி நூற்றுப் போர்வை நெய்வார்கள். புயல், பூகம்ப நிவாரணத்துக்குப் போகும் மலிவான சாம்பல்நிறப் போர்வைகள் பல அங்கே பிறந்தவை.

இப்போது சால்ட் ஸ்பிரிங் மருத்துவமனையின் நெருக்கடி கருவியில் இல்லை, ஆளில் இருக்கிறது. சுற்றுலாவும் ஓய்வுபெற்றவர்களின் குடியேற்றமும் வீட்டுவிலையை ஏற்றிவிட்டதில், வேலைக்கு வரும் நர்சுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை. துணைக்குழுவைப் போலவே மருத்துவமனைக்காக நிதி திரட்டும் அறக்கட்டளை கடைசியில் கேஞ்சஸில் ஒரு தங்கும் விடுதியையே விலைக்கு வாங்கியது, ஊழியர் குடியிருப்பாக மாற்றுவதற்கு.