தெரிவு யாருடையது?

இன்றே களமிறங்கத் தயாரான ஒருத்தியா, நாளை பெரிதாக வளரக்கூடிய ஒருத்தியா? அமெரிக்கப் பெண்கள் கால்பந்து லீகின் அணிகள் 2013 முதல் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தன. டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். கல்லூரிகளில் ஆடிய பெண்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். ஊரையோ பயிற்சியாளரையோ அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

2021 ஜனவரி டிராஃப்டை எடுத்துக்கொள்வோம். முதல் வாய்ப்பு ரேசிங் லூயிவில் என்ற புதிய அணிக்கு. அது 22 வயது எமிலி ஃபாக்ஸை எடுத்தது. கல்லூரியில் தேர்ந்தவர், தேசிய அணிக்கும் ஆடியவர். இரண்டாவதாக வாஷிங்டன் ஸ்பிரிட், 18 வயது டிரினிட்டி ராட்மனை எடுத்தது. கொரோனா காலத்தில் கல்லூரியில் சேர்ந்த அவர் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

நாளைக்கு உரியவராகத் தோன்றிய ராட்மன் அந்த ஆண்டே சிறந்த புதுமுகம் ஆனார். அவர் அணி அந்த ஆண்டே கோப்பையை வென்றது. இறுதி ஆட்டம் நடந்தது லூயிவில் நகரில்தான். இரண்டு பருவங்கள் ஆடிய ஃபாக்ஸ் அந்த அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாற்றப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே அணியில் தங்கம் வென்றார்கள்.

யார் கணக்கு சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்பிரிட் ராட்மனை ஓரத்தில் உட்காரவைத்துக் காத்திருக்கவில்லை. முதல் பருவத்திலேயே ஆடவிட்டது. "இவள் வளர்வாள்" என்று சொல்கிறவர்கள், வளர்வதற்கான ஆட்ட நிமிடங்களையும் தர வேண்டியிருக்கிறது.

பெண்ணின் பருவத்தை வேறு யாரோ எண்ணுவது நமக்கும் பழக்கம்தான். உலா இலக்கியம் நடத்தும்போது பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று கரும்பலகையில் எழுதுவேன். பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களின் வயது வரிசை அது. பேரிளம்பெண்ணோடு, 40 வயதில், கணக்கு முடிந்துவிடுகிறது. "அதுக்கப்புறம் என்ன மேம்?" என்றாள் ஒருத்தி. அந்த எல்லையைத் தாண்டிவிட்ட நான், "அதுக்கப்புறம் வாத்தியார் வேலைதான்" என்றேன். வகுப்பு சிரித்தது.

முனைவர் பட்ட நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆனா பாதியில விட்டுட மாட்டீங்களே?" எனக்கு அடுத்து உள்ளே போன நண்பனிடம் ஆய்வுத் தலைப்பைப் பற்றிக் கேட்டார்கள். அவனுடைய நாளை ஒரு வாக்குறுதி. என்னுடைய நாளை ஒரு சந்தேகம்.

அந்த லீகில் நாளைக்கு இன்னொரு விலையும் இருந்தது. பயிற்சியாளர்களின் வசைகளும் பாலியல் அத்துமீறல்களும் அங்கே அமைப்புரீதியாக ஊறியிருந்தன என்று 2022 அக்டோபரில் சாலி யேட்ஸின் விசாரணை அறிக்கை சொன்னது. அவற்றின் வேர் சிறுமிகள் ஆடும் அணிகள்வரை போவதையும் காட்டியது. "உன்னை வளர்க்கிறேன்" என்கிறவரின் கையில் ஒருத்தியின் எதிர்காலம் முழுதும் இருந்தால், அவரை எதிர்த்துப் பேச அவளால் எப்படி முடியும்?

2024 ஆகஸ்டில் வீராங்கனைகளின் சங்கம் லீகோடு புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. டிராஃப்ட் ஒழிந்தது. ஒருத்தியின் சம்மதமில்லாமல் அவளை இன்னோர் அணிக்கு மாற்றவும் முடியாது. இன்றா நாளையா என்று அணிகள் இப்போதும் எடைபோடுகின்றன. ஆனால் இப்போது அவளும் எடைபோடுகிறாள்: எனக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும், பயிற்சியாளர் யார், பிடிக்காவிட்டால் வெளியேற முடியுமா?

கல்லூரிகளுக்கிடையிலான கவிதைப் போட்டிக்கு ஒருத்தியைத்தான் அனுப்பலாம் என்கிறபோது என் முன்னும் இதே கேள்வி நிற்கிறது. மூன்றாமாண்டுப் பெண் நிச்சயம் பரிசோடு வருவாள். முதலாமாண்டுப் பெண்ணுக்கு மேடையில் குரல் நடுங்கும், வரிகள் நடுங்காது. நான் இருவரையும் அழைத்துக் கேட்டுவிடுவேன். சென்ற முறை சின்னவள் சொன்னாள்: "இந்த வருஷம் அக்கா போகட்டும் மேம். அடுத்த வருஷம் நானே வந்து கேப்பேன்."