அவ்வாவின் குரலில் எதைச் சுத்தம் செய்வது?

மூன்று இரவு உட்கார்ந்து மிக்ஸிங் முடித்தோம். நான்காம் நாள் ஹெட்போனை அவ்வாவின் காதில் மாட்டிவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் கீது. யாரு கண்ணு பாடினது?"

முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44-க்குப் பக்கத்தில் இருக்கிறது சானமாவு. இந்தப் பெயர் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் யானைக்காகத்தான். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டம் வந்து சானமாவு காட்டில் முகாமிடும். எத்தனை யானை, எத்தனை ஏக்கர் நாசம் என்று கணக்கு வரும். அந்த ராகிக்குக் களை எடுத்தவர்களும், விடியற்காலையில் அதை அரைத்தவர்களும் பாடிய பாட்டு எந்தக் கணக்கிலும் வராது. அதில் ஒரு பாட்டையாவது பதிந்து வைக்கலாம் என்று கிளம்பினோம். நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் அந்தக் காலனிப் பையன்கள், சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம்தான் எங்கள் பதிவு நேரம்.

என்ன பாட்டு என்பதிலேயே தகராறு தொடங்கியது. நாங்கள் ஒப்பாரி கேட்டோம். அவ்வா ஒப்பாரிக்குப் பெயர் பெற்றவர். ஆனால் மறுத்துவிட்டார். "அது நான் பாடினது இல்ல. பாட வெச்சது" என்றார். ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால் ஆள் வரும், போய் மாரடித்துப் பாட வேண்டும், கூலியாக ராகி அளந்து போடுவார்கள். அந்தப் பாட்டுக்கு மைக் வேண்டாம் என்றார்.

திருகையில் ராகி அரைக்கும்போது பாடும் பாட்டைத் தருவதாகச் சொன்னார். தெலுங்கில் தொடங்கி, கன்னடச் சொல் கலந்து, தமிழில் முடிகிற பாட்டு. இந்த எல்லையில் மூன்றும் ஒரே வாயில் வரும். சரி, கூடவே பறை அடிக்கலாம் என்றோம். "மாவு அரைக்கும்போது எவன்டா பறை அடிச்சான்?" என்று கேட்டார்.

தோழர்களே, இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பறை நமக்கு விடுதலையின் இசை. இழிவு என்று ஒதுக்கப்பட்டதை மேடைக்குக் கொண்டுவந்த அரசியலில் வளர்ந்தவர்கள் நாம். கே.ஏ.குணசேகரன் பாடிய காலத்திலிருந்து 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது வரை அது நம் பெருமை. ஆனால் அந்தப் பெருமையை ஒரு கிழவியின் மாவுப் பாட்டின் மேல் ஏற்றிவைக்க நமக்கு யார் உரிமை தந்தது? பெண்கள் மட்டும் விழித்திருந்த நேரத்துப் பாட்டு அது. அதன் தாளம் திருகைக் கல்தான்.

பதிவுக்கு எங்களிடம் இருந்தது பழைய லேப்டாப், இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கூட்டத்தில் பேசப் பயன்படும் சாதாரண டைனமிக் மைக் இரண்டு, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள். ஸ்டூடியோ என்பது அவ்வாவின் தொகுப்பு வீடு. கான்கிரீட் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும். கம்பளி, சாக்கு, வீட்டில் இருந்த புடவை எல்லாவற்றையும் கயிற்றில் தொங்கவிட்டோம். நெடுஞ்சாலை லாரியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கும் அது ஓயாது.

முதல் மிக்ஸிங்கில் நாங்கள் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்கிறோம். நீங்களும் இதைத்தான் செய்வீர்கள்.

இரைச்சல் நீக்கும் வசதிக்கு, இரைச்சல் மட்டும் இருக்கும் சில நொடிகளை மாதிரியாகக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அது பாட்டு முழுவதும் கழிக்கும். நாங்கள் காட்டிய நொடிகளில் லாரி இருந்தது, சுற்றத் தொடங்கிவிட்ட கல்லும் இருந்தது. லாரியோடு கல்லும் போனது. கூடவே அவ்வாவின் மூச்சும், குரலின் கரகரப்பும் போயின. அடுத்து சுருதி திருத்தம். அவர் குரல் ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இழைந்து போகும் குரல். மென்பொருள் அதைப் பக்கத்துக் கட்டைக்கு இழுத்து நிறுத்தியது. பிறகு கம்ப்ரஷனை ஏற்றினோம். ஏறி இறங்கிய குரல் தட்டையானது. கடைசியில் கோயில் மண்டபம் போல ஒரு எதிரொலி சேர்த்தோம். அந்த மண்டபத்துக்குள் அவ்வாவை யாரும் விட்டதில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

இதையெல்லாம் செய்துகொண்டே நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் 'சுத்தம்'. இந்த இடத்தைச் சுத்தம் பண்ணு, அந்த இருமலைச் சுத்தம் பண்ணு. சுத்தம் என்ற சொல்லை வைத்து நம்மை எங்கெல்லாம் நிறுத்தினார்கள் என்று சமூகவியல் வகுப்பில் படித்தவர்கள், வாழ்ந்தும் பார்த்தவர்கள் நாங்கள். அதே சொல்லோடு ஒரு தலித் பெண்ணின் தொண்டையில் கை வைத்திருக்கிறோம். "யாரு பாடினது" என்று அவர் கேட்ட பிறகுதான் அது புரிந்தது.

மறுபடி முதலிலிருந்து பதிந்தோம். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனோம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், லாரி இருந்த அளவிலேயே இருக்கும். எந்த மென்பொருளையும்விட இது நல்ல வைத்தியம். இன்னொரு மைக்கைக் கல்லுக்கு வைத்தோம். இரண்டு மைக்குக்கும் இடையே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் ஒலி மற்றதில் ஏறிக் குழப்பும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குரல் தடத்தில் மட்டும் வெட்டினோம். கல்லின் உறுமல் அங்கேதான் இருப்பதால் அந்தத் தடத்தைத் தொடவில்லை. அதில் கொஞ்சம் லாரியும் இருக்கிறது. இருக்கட்டும், சானமாவில் அதுவும் உண்டு. கம்ப்ரஷன் பேருக்கு. சத்தத்தை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அருகே நிறுத்தினோம். அதற்கு மேல் ஏற்றினாலும் யூடியூப் தானே குறைத்துவிடும்.

அடுத்தது பெயர். அவ்வாவிடம் பல வருடங்களுக்கு முன் ஒருவர் வந்து டேப்பில் பாட்டுப் பிடித்துக்கொண்டு போனாராம். பிறகு வரவில்லை. இது உலகம் முழுக்க நடந்த கதை. அமெரிக்காவில் சிறையில் இருந்த கறுப்பினப் பாடகர் லெட் பெல்லியை ஜான் லோமாக்ஸ் 1933-இல் பதிவு செய்தார். அவர் பாடிய 'குட்நைட் ஐரீன்' பாட்டின் உரிமையில் லோமாக்ஸின் பெயரும் சேர்ந்தது. லெட் பெல்லி 1949-இல் இறந்தார். அடுத்த வருடம் வேறொரு குழு பாடி அது பெரிய வெற்றி பெற்றது. நம் பக்கத்திலும் பார்த்தோம். 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. அதை எழுதிப் பாடியவர் அறிவு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எழுதினார். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு பாடுகிறவருக்கும் உரிமை தருகிறது. அது 50 ஆண்டுகள் செல்லும். பாடியவர் இவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி பாட்டைத் திரித்தால் எதிர்க்கும் உரிமையையும் 2012 திருத்தம் சேர்த்தது. பாட்டு பழையதாக இருக்கலாம், பாடியவர் இன்று இருக்கிறார். பதிவேற்றும் படிவத்தில் எழுதியவர் என்ற கட்டத்தில் 'பாரம்பரியம்' என்று போட்டுவிட்டு நகர்வது சுலபம். பாரம்பரியம் என்று போட்டால் யாருடையதும் இல்லை என்றாகிவிடும். இந்தப் பாட்டில் நான்கு அடிகள் அவ்வாவே கட்டியவை என்று கேட்டபோதுதான் சொன்னார். யாரும் அதுவரை கேட்டதில்லை. எழுதியவர் கட்டத்தில் அவர் பெயரைப் போட எடுத்து வைத்திருக்கிறோம். மூலப் பதிவின் நகல் அவர் பேத்தியின் போனில் இருக்கிறது.

அந்த நான்கு அடிகளில்தான் கடைசிச் சிக்கல். யார் வீட்டு ராகியை அரைத்தார், அரைத்த பிறகு அந்த வீட்டில் எங்கே உட்காரவைத்தார்கள் என்று பெயரோடு பாடியிருக்கிறார். எங்களுக்கு அதுதான் பாட்டின் உயிர். அந்த அடியை முன்னால் கொண்டுவரலாமா என்றுகூடப் பேசிக்கொண்டோம். அவ்வா வேண்டாம் என்றார். "நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. நான் நாளைக்கு இங்கதான் தண்ணி புடிக்கணும்."

இரண்டு நாள் எங்களுக்குள் சண்டை. பயத்துக்குப் பணிவதா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வெளியிடுவது நாம், அதன் பிறகு அந்தத் தெருவில் வாழ்வது அவர். தைரியத்தை இன்னொருவர் கணக்கில் செலவு செய்ய நமக்கு உரிமை இல்லை என்று முடிவெடுத்தோம்.

அடியை எடுத்தால் அந்த இடத்தை எப்படி ஒட்டுவது என்று லேப்டாப்பின் முன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அவ்வாவே சொன்னார்: "பாட்ட எடுத்துடு. கல்லு சுத்தட்டும்."

அப்படியே வைத்திருக்கிறோம். நடுவில் சில நொடிகள் குரல் இல்லாமல் திருகை மட்டும் சுற்றும். கேட்கும்போது பதிவில் கோளாறு என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். எடுத்த அடி அவ்வாவிடம் பத்திரமாக இருக்கிறது. எப்போது பாடுவது என்று அவர் முடிவு செய்வார்.

ஜெய் பீம்.