டயர் வாங்கின கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. நான் பெருமைக்காகச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வேறொருவர் ஆறு வருஷம் ஓட்டிவிட்டு என் தலையில் கட்டிய ஸ்விஃப்ட் அது. கதை எழுதிப் பிழைப்பவனுக்குக் கார் எதற்கு என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். பெட்ரோல் விலை ஏறும் நாட்களில் நானே என்னைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் கும்பகோணத்தில் என் தாயார் இருக்கிறாள். பண்டிகைக்கு நாலு பேர் பஸ்ஸில் இடம் பிடித்துப் போய்வரும் சிரமத்தை நினைத்தால், கேள்வி தானாக அடங்கிவிடும்.

2025 செப்டம்பர் இரண்டாவது வாரம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் டயர்க் கடைக்குக் காற்றுப் பிடிக்கப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், தூத்துக்குடிப் பக்கம். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான். நான் அவருக்குத் "தம்பி".

அண்ணாச்சி காற்றுக் குழாயைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பட்டன் எல்லாம் போயிட்டுதே! மொட்டைத் தலையை வச்சுக்கிட்டா ஊரைச் சுத்துதீங்க?"

டயரின் பள்ளங்களுக்கு அடியில் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடு உண்டு என்பதும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர் என்பதும், மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தன. சட்டமும் அதையேதான் சொல்கிறதாம். காய்ந்த ரோட்டில் மொட்டை டயர் எப்படியோ ஓடிவிடும். மழைத் தண்ணீரில்தான் ஆபத்து. தண்ணீர் ஒதுங்குவதற்கு வாய்க்கால் இல்லாமல் டயர் அதன்மேல் மிதக்கும். பிரேக்கை மிதித்தால் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். நாலு டயரும் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளங்கை அகலம்தான் என்று அண்ணாச்சி தம் கையை விரித்துக் காட்டினார். ஐப்பசி மழையில் மனைவி மக்களோடு கும்பகோணம் போக இருந்த எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

"நாலும் மாத்திடுங்க, அண்ணாச்சி. எவ்வளவு?"

அட்டைத் துண்டு ஒன்றில் கணக்குப் போட்டார். டயர் ஒன்று 4,000. வரி 28 சதவிகிதம். ஆக 5,120.

"ஆனா இன்னைக்கு வாங்காதீங்க. 22-ஆம் தேதியிலேருந்து வரி 18 ஆகுது. பேப்பர்ல பாக்கலையா? 4,720-க்கு முடிஞ்சுடும். மழைக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் வேகம் போகாதீங்க."

நாலு டயருக்கு 1,600 ரூபாய். அன்றைக்கே தலையில் கட்டியிருந்தால் நான் மறு பேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். பேப்பரை நான் படிக்காமல் இல்லை. ஆனால் பட்ஜெட், வரி என்ற சொற்களைக் கண்டால் என் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும்.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்க வேண்டும். 22-ஆம் தேதி கழிந்ததும் அண்ணாச்சி கடைக்குப் போய் டயரை மாட்டிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. நடுவில் என் பையன் புகுந்தான்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளை. உலகத்தில் எந்தச் சாமானையும் கடையில் போய் வாங்குவது ஏமாளித்தனம் என்பது அவன் கட்சி. "அப்பா, டயர் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். பார்த்தேன். 165/80 ஆர் 14 என்றிருந்தது. அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு: அகலம் 165 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 80 சதவிகிதம், ஆர் என்றால் ரேடியல், உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரம் 14 அங்குலம். அதையெல்லாம் கைபேசியில் தட்டினான். அண்ணாச்சி சொன்ன அதே கம்பெனி, அதே ரகம், வரி உள்பட 4,290. வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்களாம்.

"ஒன்றுக்கு 430. நாலுக்கு 1,720 ரூபாய், அப்பா!"

1,720 ரூபாய் என்பது, கேட்டால் சிரிப்பீர்கள், ஒரு பத்திரிகையில் வெளியாகும் கதை ஒன்றுக்கு எனக்குக் கிடைக்கும் சன்மானத்தைவிட அதிகம். ஒரு கதையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "அந்தக் கடைக்காரர் பாவம் இல்லையா?" என்று என் மனைவி கேட்டாள். ஒரு மழை ராத்திரி, பத்தரை மணிக்கு, கத்திப்பாராப் பாலத்தடியில் வண்டி பஞ்சராகி நாங்கள் நின்றபோது, ஜாக்கியோடு ஸ்கூட்டரில் வந்து ஸ்டெப்னியை மாட்டிவிட்டு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர் அண்ணாச்சி. அவள் அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லைதான். ஆனால் பையன் திரையைத் தொட்டபோது நான் தடுக்கவில்லை.

டயர்கள் ஆறாம் நாள் இரண்டு தவணையாக வந்தன. அனுப்பினவர் முகவரி ஹரியானா. எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையைச் சுற்றி டயர் ஆலைகளுக்கா பஞ்சம்? 1946-ல் திருவொற்றியூரில் பலூன் பொம்மை செய்கிற சின்னக் கொட்டகையாக ஆரம்பித்துப் பின்னால் டயருக்கு வந்ததுதான் எம்.ஆர்.எஃப். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் இன்னும் பல ஆலைகள். அந்தப் பக்கத்துக்குக்கூடக் காரில் போகப் பயந்துகொண்டிருந்த எனக்கு, டயர் ஹரியானாவிலிருந்து ரயிலும் லாரியும் ஏறி வந்திருந்தது!

வந்த டயரை என்ன செய்வது? இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. டயரைக் கழற்றி மாட்ட யந்திரம் வேண்டும். ட்யூப் இல்லாத டயர். புது வால்வு போட வேண்டும். சக்கரம் ஆடாமல் இருக்க எடை பார்த்து ஈயத்துண்டு ஒட்ட வேண்டும். பிறகு அலைன்மென்ட். பொருத்தித் தரும் கடையையும் சேர்த்து ஏற்பாடு செய்கிற ஆன்லைன் வியாபாரிகள் உண்டு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நாங்கள் பிடித்தது அந்த ரகமில்லை. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போகலாம் என்றான் பையன். போயிருக்கலாம். ஆனால் தீபாவளிக்கு ஒரு வாரம். அண்ணா சாலைப் பக்கம் கூட்டம் நெருக்கியது. மொட்டை டயரில் அவ்வளவு தூரம் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே ஆட்டோவில் டயர்களை ஏற்றிக்கொண்டு, 250 ரூபாய் பேசி, தெருமுனைக்கே போனேன். காரைப் பையன் பின்னால் ஓட்டி வந்தான். நடந்தால் மூன்று நிமிஷ தூரம். அந்த மூன்று நிமிஷத்தில் சொல்லத்தக்க பொய்கள் நாலைந்து தயார் செய்தேன். மைத்துனன் வாங்கிக் கொடுத்தான் என்பது அவற்றில் சிறந்தது. கதாசிரியன் என்று பெயர். ஆனால் அண்ணாச்சி ஆட்டோவை ஒரு பார்வை பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை.

"என்ன விலைக்கு வந்தது, ஸார்?" என்றார்.

ஸார்! பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை.

"4,290" என்றேன்.

உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "எனக்கு ஏஜென்டு போடுத விலையே இதைவிட எழுபது ரூபா கூட" என்றார். கோபம் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரல்தான். பிறகு சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். வெளி டயர் மாட்ட 150, பாலன்ஸிங் 100, வால்வு 50. இதெல்லாம் சக்கரம் ஒன்றுக்கு. அலைன்மென்ட் 400. "நம்ம டயருக்கு இதெல்லாம் சேர்த்தி. வெளி டயருக்கு இதான் ரேட்டு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன்: 1,600. ஆட்டோ 250. மொத்தம் 1,850. மிச்சம் பிடித்ததோ 1,720. நூற்று முப்பது ரூபாய் கையைவிட்டுப் போயிற்று. பையனிடம் சொல்லலாமா என்று அவன் பக்கம் திரும்பினேன். அவன் மும்முரமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைப் பையன் முதல் டயரை எடுத்து யந்திரத்தில் வைத்தான். "டேய், நிறுத்து" என்றார் அண்ணாச்சி. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டயரின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்ற மூன்றையும்.

"இங்க வாங்க. இதுல நாலு நம்பர் இருக்கு பாருங்க. மூணு டயர்ல 3125. அதாவது 2025-ல 31-ஆவது வாரம், ஜூலைக் கடைசி. புதுச் சரக்கு. இதுல என்ன போட்டிருக்கு?"

4623 என்று போட்டிருந்தது. 2023-ஆம் வருஷம், 46-ஆவது வாரம். நவம்பர் நடுவில் பிறந்த டயர். இரண்டு வயது நிரம்பப்போகிறது.

"கெட்ட டயருன்னு சொல்லல. நிழல்ல வச்சிருந்தா ஓடும். ஆனா ரப்பருக்கு வயசு உண்டுல்லா? புது விலையைக் குடுத்துட்டுப் பழசை எதுக்கு வாங்கணும்? மாட்டிட்டா திருப்பி எடுக்க மாட்டான். இப்பமே திருப்பி அனுப்பிடுங்க."

பேசாமல் மாட்டியிருக்கலாம். மாட்டினால் இன்னும் முந்நூறு ரூபாய் கூலி அவருக்கு. எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. பன்னிரண்டு வருஷமாக டயரில் அப்படி ஒரு நம்பர் இருக்கிறது என்பதைக்கூட நான் பார்த்ததில்லை.

பையன் அங்கேயே நின்று கைபேசியில் புகார் எழுதினான். எடுத்துக்கொண்டு போக ஆள் வருவார்கள். சரக்கு இருப்பு இல்லாததால் மாற்று டயர் கிடையாது, பணம் திரும்பி வரும் என்று பதில் வந்தது. எத்தனை நாளில் என்பது அதில் இல்லை. தீபாவளி 20-ஆம் தேதி. மூன்று சக்கரத்தில் ஆட்டோதான் ஓடும், கார் ஓடாது.

அண்ணாச்சி உள்ளே போனார். தட்டிலிருந்து அதே ரகத்தில் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஓரத்து நம்பரை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஆகஸ்டு மாதத்துச் சரக்கு.

"இதைப் போடுதேன். ஊருக்குப் போயிட்டு வாங்க. அவன் பணம் வந்ததும் குடுங்க, போதும். அம்மாவைக் கேட்டேன்னு சொல்லுங்க, தம்பி."

மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பில் போட்டுக் கொடுத்தார். இதற்குமுன் அவர் எனக்குப் பில் போட்டதில்லை. மூன்று சக்கரத்துக்கு 900, அலைன்மென்ட் 400, ஆக 1,300. பலகையில் கண்டபடி, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறைவும் இல்லை. பழைய டயர்களை ஒன்று இருநூறு வீதம் எடுத்துக்கொண்டார். அந்த விலை யாருக்கும் ஒன்றுதான்.

திண்டிவனம் தாண்டியதும் நல்ல மழை பிடித்துக்கொண்டது. வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போயிற்று. எந்தச் சக்கரம் அண்ணாச்சியுடையது என்று என் மனைவி கேட்டாள். இடது முன்பக்கம் என்றேன். அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

ஊரிலிருந்து திரும்பி ஒரு வாரம் கழித்து 4,290 ரூபாய் வங்கியில் ஏறியது. அன்று மாலையே 4,720-ஐ எடுத்துக்கொண்டு போனேன். போவதற்குமுன் என் மனைவி கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தாள். எல்லாம் சேர்த்து 19,140. நாலையும் அண்ணாச்சியிடமே வாங்கியிருந்தால் 18,880. இந்த 260 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

பையன் மட்டும் தன் கட்சியை விடவில்லை. அவன் சிநேகிதனுடைய தகப்பனாருக்குப் பெரிய கார். 17 அங்குலச் சக்கரம். அவர் ஆன்லைனில் வாங்கி, கூலியெல்லாம் போக ஐயாயிரம் மிச்சம் பிடித்தாராம். இருக்கலாம். டயர் பெரிதாக ஆக விலையில் விழும் வித்தியாசமும் பெரிதாகும். மாட்டும் கூலி அந்த அளவுக்கு ஏறாது. எங்களுடையது சின்னக் கார்.

அண்ணாச்சி பணத்தை எண்ணி மேஜைக்குள் போட்டார்.

"ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க, தம்பி. முன்னதைப் பின்னால மாத்திப் போடணும்."

"அதற்கு எவ்வளவு, அண்ணாச்சி?"

"நம்ம டயருக்குக் கூலி கிடையாது" என்றார். "மத்த மூணுக்கும் பலகையில உள்ளபடி."