படகுக்கு ஒரு போர்வை

மே மாசக் கடைசி வாரம் மும்பையே நீலக் கலராயிடும். பால்கனி, மொட்டை மாடி, வடாபாவ் கடை, ஓரமா நிறுத்தின பைக்னு எல்லாத்து மேலயும் நீல பிளாஸ்டிக் ஷீட். நம்ம ஊர் தார்ப்பாய்தான், இங்க 'தாட்பத்ரி'ன்னு பேரு. லோஹார் சால் கடைகள்ல அந்த வாரம் கால் வைக்க முடியாது. 2022ல அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். மத்தவங்கல்லாம் வீட்டு ஒழுகலுக்கு வாங்கினாங்க. நான் படகுக்கு வாங்கினேன்.

"படகா? நீயா?"ன்னு சிரிக்காதீங்க மக்களே, தங்கமணியும் அப்படித்தான் சிரிச்சாங்க. 16 அடி ஃபைபர் பாய்மரப் படகு, நாலாங்கை. ஆபீஸ்ல மூணு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கினது. ஒரு மராத்தி, ஒரு சேட்டன், அப்புறம் நாகப்பட்டினத்துல பொறந்தும் நீச்சல் தெரியாத நான். மட் தீவுல மராத்தி நண்பரோட சித்தப்பா வீட்டு காம்பவுண்டுல டிரெய்லர் மேல நிக்கும். அக்டோபர்லேர்ந்து மே வரைக்கும் ஞாயித்துக்கிழமை கடல். மழை நாலு மாசம் லீவு.

அந்த வருஷம் பெயிண்ட் அடிச்சது முழுக்க சேட்டன்தான். சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடிச்சு, அதுக்கு மேல டூ-பேக் பாலியூரித்தேன். ஆறு வாரம், சனி ஞாயிறு ரெண்டும். மே 20 வாக்குல கடைசி கோட். முகம் பார்த்து தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. அடுத்த வாரமே அவருக்கு டெல்லிக்கு மாத்தல் வந்துடுச்சு. ரயிலேறும்போது சாவியைக் கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "பெயிண்ட் நோக்கணே."

நல்லாவே நோக்கினேன். 200 ஜிஎஸ்எம் தார்ப்பாய், 18க்கு 24 அடி, 2,800 ரூபாய். படகோட அடிவயித்தைச் சுத்திக் கயிறு போட்டு, தீபாவளி ஸ்வீட் பார்சல் மாதிரி இறுக்கிக் கட்டினேன். காத்து கூடப் புகாதுன்னு பெருமை வேற. ஜூலைல மட்டும் 800 மி.மீ.க்கு மேல கொட்டற ஊரு. 2005 ஜூலை 26ல சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மி.மீ. பதிவான ஊரு. இறுக்கமா கட்டறதுதானே பாதுகாப்பு? வெர்சோவா ஃபெர்ரி நின்னுட்டா மலாட் வழியா சுத்தணுமேங்கற சோம்பேறித்தனத்துல நாலு மாசம் எட்டிக்கூடப் பாக்கலை.

அக்டோபர்ல பிரிச்சேன். முதல்ல வந்தது பூஞ்சை நாத்தம். ஷீட் படிஞ்சு கெடந்த இடமெல்லாம் பெயிண்ட் வெள்ளையா பூத்து, கொப்புளம் கொப்புளமா இருந்துச்சு. நகத்தால தொட்டா உரிஞ்சுது. கயிறு போன தடத்துல பெயிண்ட் தேஞ்சு ப்ரைமர் தெரிஞ்சுது. ஷீட் ஓரத்து அலுமினிய வளையம் காத்துல அடிச்சு அடிச்சு பக்கவாட்டுல பிறை பிறையா கீறல். அப்படியே டிரெய்லர் மேல உக்காந்துட்டேன்.

ரெண்டு நாள் டெல்லிக்கு ஃபோன் பண்ணலை. மூணாம் நாள் பண்ணினேன். சேட்டன் திட்டியிருந்தா தேவலாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சாரமில்ல"ன்னார். பரவாயில்லைன்னு அர்த்தம். அவர் சொன்ன விதத்துல அந்த அர்த்தம் இல்லை.

என்ன தப்பு பண்ணினேன்னு புரியவெச்சது வெர்சோவா கோலிவாடால ஒரு பெரியவர். இங்க மீன்பிடித் தடை ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் 61 நாள் (நம்ம கரைல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14). படகெல்லாம் கரையேறிடும். அந்தக் காலத்துல தென்னங்கீத்து போட்டுத்தான் மூடுவோம்னார். "மழை மேலயே வழிஞ்சு போயிடும், காத்து உள்ள போய் வரும். நீ கட்டினது பாலிதீன் பை. அதுக்குள்ள காய்கறி வெச்சாலே அழுகிடுமே!"

கீத்து! நான் பொறந்து வளந்ததே அப்படி ஒரு கூரைக்குக் கீழதான். மும்பைக்கு வந்து இன்னொருத்தர் சொல்லித் தெரியவேண்டியிருக்கு.

விஷயம் இதுதாங்க. பெயிண்டைக் கெடுக்கறது மழை இல்லை, உள்ள மாட்டிக்கிட்ட ஈரம். படகுக்குள்ள கொஞ்சம் தண்ணி, நனைஞ்ச கயிறுன்னு ஏதாவது இருக்கும். பகல் சூட்டுல அது ஆவியாகும், ராத்திரி ஷீட்டோட உள்பக்கம் வேர்த்து திரும்ப பெயிண்ட் மேலயே சொட்டும். டெக்குக்கு அடிக்கற பெயிண்ட் நனைஞ்சு காயறதுக்குத்தான், மாசக்கணக்குல ஊறிக் கெடக்கறதுக்கு இல்லை. அதுவும் புது பெயிண்ட் தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இறுகி முடிய இன்னும் நாள் வேணும். நான் அதுக்குள்ளயே மூடிட்டேன்.

அடுத்த கவருக்கு அலைஞ்சேன். லாரிக்குப் போடற பிவிசி ஷீட் கிழியாது, ஆனா மூச்சு விடாது. வெயில்ல பெயிண்டோட ஒட்டித் தடம் விழும். பருத்தி கேன்வாஸ் மூச்சு விடும், ஆனா இந்த ஊர் ஈரத்துல பூஞ்சை பிடிக்கும். கடைசில எடுத்தது அக்ரிலிக் துணி, வெயில் பந்தலுக்குப் போடற ரகம். நூலாகும்போதே சாயம் ஏத்தினதால வெயில்ல சுலபத்துல வெளுக்காது. தண்ணி வழிஞ்சு ஓடும், ஆவி வெளில போகும். ஆனா தேங்கி நின்னா கசியும், உரசினா நஞ்சு போகும். தையல் கூலியோட 26,000. தங்கமணி முகத்தை வர்ணிக்க விரும்பலை :-)

துணி பாதி, கட்டற விதம் பாதி. மூடறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில கழுவிக் காய விடணும், இல்லேன்னா உப்பும் மணலும் துணிக்கு அடியில உப்புத்தாள் வேலை செய்யும். நடுவுல ஒரு கழி நிறுத்தி, கூரை மாதிரி சரிவு கொடுக்கணும். ரெண்டு முனையிலயும் காத்து போக வழி விடணும். கூர்மையான எடத்துல பழைய வேட்டி சுத்தணும். கயிறு பெயிண்டைத் தொடாம டிரெய்லர்ல கட்டணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மலாட் வழியாவாவது போய்ப் பாக்கணும்.

அதுக்கு முன்னாடி பெயிண்ட்? எட்டு ஞாயித்துக்கிழமை நானே உப்புத்தாள் போட்டேன். சேட்டன் வீடியோ கால்ல "இன்னும் தேய், இன்னும் தேய்"னு சொல்லிட்டே இருந்தார். பிரஷ் தடம் இன்னிக்கும் தெரியும்.

2024 அக்டோபர்ல சேட்டன் ரெண்டு நாள் லீவுல வந்தார். நான் கவரைப் பிரிக்கப் போனேன். "இரு"ன்னுட்டு ஓரத்தை லேசாத் தூக்கி, உள்ள கையை விட்டு டெக் மேல ஒரு தடவு தடவினார். கையை வெளில எடுத்துப் பார்த்தார். அப்புறம் தன்னோட வெள்ளைச் சட்டையிலயே துடைச்சார். கறை ஒண்ணும் இல்லை.

"காத்து நல்லாயிருக்கு, கெளம்பு"ன்னார்.

டிஸ்கி: படகு இல்லாதவங்க கோவிச்சுக்காதீங்க, கார் கவருக்கும் இதே கதைதான்!