அப்பாவின் வண்டியும் ஆயில் சீலும்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் குழாய்களைப் பார்த்திராத மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. ஆனால் அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. மெக்கானிக்குகள் அதனை ‘ஃபோர்க்’ என்பார்கள். குரோமியம் பூசிய எஃகுக் குழாய் ஒன்று, அடியிலுள்ள அலுமினியக் குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. உள்ளே நீண்ட சுருள்வில்லும் சிறிது எண்ணெயும் உண்டு. வில் மட்டும் இருந்தால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபின் குதித்துக்கொண்டே போகும். எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் புகும்போதுதான் அந்த ஆற்றல் வெப்பமாக மாறித் துள்ளல் அடங்குகிறது. பாடநூலில் நாம் ‘தடையுறு அலைவு’ என்று படிப்பது இதுவே அன்றோ!

எண்ணெய் வெளியேறாமல் காப்பது ஒரு ரப்பர் வளையம். ஆயில் சீல் என்பது அதன் பெயர். அதன் உதட்டைக் குழாயோடு அணைத்துப் பிடிக்க, முடிபோன்ற கம்பியால் ஆன ஒரு சிறு சுருள்வில் வளையமும் அதனுள் உண்டு. ரப்பர் இறுகினாலோ, குழாயில் துரு பிடித்தாலோ, கசிவு தொடங்கிவிடும்.

எங்கள் வண்டி 2003ஆம் ஆண்டு ஸ்பிளெண்டர். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010இல் அறிவித்துவிட்டன. எங்கள் டேங்கில் மட்டும் இன்றும் இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். அப்பா வீடு வீடாகப் பால் கறந்து வாங்கிச் சென்று ஊற்றுபவர். பின்னால் இருபுறமும் 20 லிட்டர் கேன்கள் தொங்கும். பாலின் எடை மட்டும் 41 கிலோவுக்கு மேல். சுமை பின்னால் இருப்பதால் முன்சக்கரம் ஏற்கெனவே இலேசாகத்தான் தரையைத் தொடும். அதில் எண்ணெயும் இல்லையென்றால், துள்ளும் கணத்தில் ஹேண்டில் பாருக்கும் பிரேக்குக்கும் வேலையே இல்லை. சென்ற ஏப்ரலில் ஏரிக்கரைத் திருப்பத்தில் அப்படித்தான் விழுந்தார். ஒரு கேன் பால் முழுவதும் மண்ணில் போயிற்று. முழங்கையில் தோல் உரிந்தது. “பால் போனா போவுது, நாளைக்குக் கறக்கும்” என்று அம்மாவிடம் சிரித்தார். இரவில் கையை மடக்க முடியாமல் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

பட்டறையில் ஒரு நாள் வண்டியை விட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு நாள் என்பது இரண்டு வேளைக் கறவை. ஒரு வேளை ஆள் வராவிட்டால் மாட்டுக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். குற்றம் சொல்ல முடியாது, மாடு காத்திருக்காது. ஆகவே காலை ஒன்பது மணிக்குப் பால் ஊற்றி வந்ததிலிருந்து மாலை மூன்றரைக்குள் நானே முடிப்பது என்று தீர்மானித்தேன்.

“படிக்கிற புள்ள எதுக்குடா இதுல கைய வெக்கிற?” என்றார் அப்பா. அவருக்கு அது கோபம் அல்ல, ஒருவகை வருத்தம். தம் கை பட்டது என் கைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் அவர் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். நான் பதில் சொல்லவில்லை. இஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன்புறத்தைத் தூக்கினேன்.

சக்கரம், பிரேக் கேபிள், மட்கார்டு எல்லாம் சுலபமாகக் கழன்றன. ஃபோர்க்கை உருவுவதற்கு முன்பே மேல்மூடி போல்ட்டைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். வெளியே எடுத்தபின் அதைப் பிடிக்க இடமிருக்காது. தொல்லை கொடுத்தது அடியிலுள்ள ஆலன் போல்ட். சாவியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்தே சுற்றுகிறது. ஒரு மணி நேரம் போயிற்று. வில் உள்ளே இருக்கும்போதே அழுத்தினால் அது தண்டை நெருக்கிப் பிடிக்கும் என்று தோன்றியது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அப்பா பேசாமல் எழுந்து வந்தார். ஃபோர்க்கைத் தலைகீழாகப் பலகைமேல் நிறுத்தி, அடிக்குழாயைத் தம் முழு எடையோடு அமுக்கினார். போல்ட் ‘டக்’கென்று விட்டது. பிறகு அவர் உட்காரவே இல்லை.

வெளிவந்த எண்ணெய் கருத்து, நீர்த்து, நாறிற்று. வலப்பக்கம்தான் கசிந்தது என்றாலும் இரண்டு சீல்களையும் மாற்றினேன். இரண்டுக்கும் வயது ஒன்றுதானே. பூட்டு வளையத்தை எடுத்துவிட்டு, துணி சுற்றிய திருப்புளியால் பழைய சீலை நெம்பினோம். புதியதன் உதடு கிழியாமலிருக்கக் குழாய் முனையில் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி அதன்மேல் இறக்கினேன். பழைய சீலை மேலே வைத்து, பிவிசி குழாய்த் துண்டால் தட்டத் தட்ட, புதியது நேராக உள்ளே அமர்ந்தது.

எண்ணெய் இரு கால்களிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். பால் அளக்கும் குவளையைத் தர அம்மா அடியோடு மறுத்துவிட்டாள். அக்கா குழந்தையின் பழைய பால் புட்டியில் மில்லிலிட்டர் கோடுகள் இருந்தன. கையேடு சொன்ன அளவை அதில் ஊற்றும்போது, முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் நீரின் பாகியல் எண் கண்டது நினைவுக்கு வந்தது. நுண்குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று கண்ட புவாசெய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். இரத்த ஓட்டத்தை அறியவே 1840களில் அதை ஆராய்ந்தார். ஃபோர்க்கின் துளைகள் நீளம் குறைந்தவை, ஆதலால் அவ்விதி அப்படியே பொருந்தாது. ஆனால் எண்ணெய் நீர்த்தால் தடை குறையும் என்பது இரண்டிடத்தும் மெய். அப்பாவிடம் சொன்னேன். “தண்ணி ஊத்தின பால் மாதிரின்னு சொல்லு” என்றார்.

மூன்றேகாலுக்கு வண்டி நின்றது. அப்பா முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டில் பாரை அமுக்கிவிட்டார். அது ஒருமுறை எழும்பி நின்றது, மறுபடி ஆடவில்லை. கேன்களை மாட்டிக்கொண்டு போனார்.

இடப்பக்கக் குழாயில் ஓரிடத்தில் துருப்பள்ளம் இருக்கிறது. 1000 எண் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தும் முழுவதும் போகவில்லை. சீல் ஓடும் தடத்துக்குச் சற்று மேலே இருப்பதால் இப்போதைக்குத் தாங்கும். சுமை மிகுந்து முழுவதும் அமுங்கினால் உதட்டை அது அறுக்கும். சீலை மட்டும் மாற்றி மாற்றி ஏமாறுகிறவர்கள் பார்க்கத் தவறுவது இந்தப் பள்ளத்தைத்தான். குழாயையே மாற்ற வேண்டும். தை மாதம் ஆகட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதுவரை தினமும் கறவைக்குப் புறப்படும் முன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்க்கிறார்.